விடை மட்டும் போதாது, தவறிய வரியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும்போது நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் இயற்பியல் மாதிரி வினாக்கள் வரத் தொடங்கிவிடும். கணக்கு மேலே இருக்கும், விடை கீழே தலைகீழாக இருக்கும். மாணவர்கள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். மின்காந்தவியல், சார்பியல் கணக்குகளைப் பொறுத்தவரை இந்த முறையால் பயன் மிகக் குறைவு. தன் விடை தவறு என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு எந்த வரியில் தவறியது என்று தெரிவதில்லை. தெரியாததால் அடுத்த கணக்கிலும் அதே வரியில் தவறுகிறது.

வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்பதும் செய்வதும் இன்று இதே போலத்தான் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் புத்தகப் பக்கத்தின் புகைப்படம் வரும், "சார், 17-ஆவது கணக்கு" என்ற ஒரு வரியோடு. கால் மணி நேரத்தில் முழுத் தீர்வும் புகைப்படமாகப் போய்ச் சேரும். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை போட்டுப் பார்த்த தாளை யாருமே பார்ப்பதில்லை. உதவியைத் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தாள்தான். ஏனென்றால் இந்தப் பாடங்களில் தவறான விடைகூடத் தவறு எங்கே என்று பெரும்பாலும் தானே சொல்லிவிடும்.

மிக எளிய கூலூம் விதிக் கணக்கையே பாருங்கள். தலா 2 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள் இரண்டு, இடையே 30 செ.மீ. விசை 0.4 நியூட்டன். மாணவர் 0.00004 என்று எழுதியிருந்தால் விடை பத்தாயிரம் மடங்கு குறைவு. பத்தாயிரம் என்பது நூறின் இருமடி. ஆகவே சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் தூரத்தை இருமடியாக்கியிருக்கிறார். விடை பத்து லட்சம் மடங்கு கூடியிருந்தால் இரண்டு மைக்ரோவில் ஒன்றை விட்டிருக்கிறார். தாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஆனால் பத்தின் எந்த அடுக்கில் விடை பிசகியது என்று மாணவரையே கேட்டால் அடுத்த முறை அவரே கண்டுபிடிப்பார். அதே மின்னூட்டங்களில் மூன்றைச் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் வைத்து, ஒன்றின் மேல் செயல்படும் மொத்த விசை என்ன என்று கேட்டால், 0.8 என்று வருவது விசைகளை வெறும் எண்களாகக் கூட்டியதால். வெக்டராகக் கூட்டினால் 0.4-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி 0.69 நியூட்டன் வரும். படம் வரைந்தவர்கள் இதில் அதிகம் தவறுவதில்லை.

இவை சின்னச் சறுக்கல்கள். உண்மையான ஆபத்து, தவறான வழி ஏறக்குறைய சரியான விடையைத் தந்துவிடும் கணக்குகளில்தான் இருக்கிறது. ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நீண்ட நேர்க்கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் மேல்நோக்கிச் செல்கிறது. அதே தளத்தில், வலப்பக்கத்தில் ஒரு செவ்வகக் கம்பிச்சுற்று. கம்பிக்கு இணையான பக்கம் 20 செ.மீ. கம்பியிலிருந்து அருகுப் பக்கம் 5 செ.மீ. தூரத்திலும் தொலைவுப் பக்கம் 15 செ.மீ. தூரத்திலும் இருக்கின்றன. மின்னோட்டம் 0.1 விநாடியில் சீராகக் குறைந்து சுழியாகிறது. தூண்டப்படும் மின்னியக்கு விசை என்ன, தூண்டு மின்னோட்டம் எந்தத் திசையில்?

பெரும்பாலான மாணவர்கள் சுற்றின் நடுவில், அதாவது 10 செ.மீ. தூரத்தில், காந்தப்புலத்தைக் கண்டுபிடித்துப் பரப்பால் பெருக்குகிறார்கள். புலம் 2×10⁻⁵ டெஸ்லா, பரப்பு 0.02 சதுர மீட்டர், பாயம் (சுற்றின் பரப்பு வழியே செல்லும் மொத்தக் காந்தப்புலம்) 4×10⁻⁷ வெபர். சரியான பாயம் 4.39×10⁻⁷. வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்பதால் "தோராயப்படுத்தியதில் வந்த பிழை" என்று பிள்ளை சமாதானம் அடைந்துவிடும், உதவுகிறவரும் சில நேரம் அப்படியே விட்டுவிடுவார். இங்கே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அதே சுற்றைக் கம்பிக்கு 1 செ.மீ. அருகில் கொண்டுபோனால் என்ன ஆகும்? நடுப்புள்ளி வழியில் 6.7×10⁻⁷ வெபர், உண்மையில் 9.6×10⁻⁷. இப்போது பிழை முப்பது சதவீதம். தூரம் கூடக்கூடப் புலம் நேர்க்கோடாகக் குறைவதில்லை, எதிர்த்தகவில் வளைந்து குறைகிறது, அதனால் நடு மதிப்பு சராசரி மதிப்பு ஆகாது என்பது அந்த நொடியில் பிடிபடும். அதன் பிறகுதான் சுற்றைக் கம்பிக்கு இணையான மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் பாயத்தையும் தொகையிடும் வேலைக்கு அர்த்தம் வருகிறது. விடை 2×10⁻⁷ × 10 × 0.2 × இயல்மடக்கை 3. பள்ளி மாணவர்கள் மடக்கை அட்டவணையைப் பயன்படுத்துவதால் இன்னொரு குழியும் உண்டு. அட்டவணையில் இருப்பது பத்தடிமான மடக்கை. 2.303-ஆல் பெருக்க மறந்தால் 1.91×10⁻⁷ வரும். யாராவது 1.91 என்று விடை சொன்னால் அவருக்கு இயற்பியல் சரியாகவே புரிந்திருக்கிறது, முழுத் தீர்வையும் அனுப்பி அவர் நம்பிக்கையைக் குலைக்க வேண்டாம்.

பாயம் கிடைத்த பிறகு 0.1 விநாடியால் வகுத்தால் 4.39 மைக்ரோவோல்ட். அடுத்தது திசை. லென்ஸ் விதியை "தூண்டு மின்னோட்டம் புலத்தை எதிர்க்கும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். எதிர்க்கப்படுவது புலம் அல்ல, பாயத்தின் மாற்றம். கம்பியின் வலப்பக்கத்தில் புலம் தாளுக்குள் செல்கிறது, அது குறைந்துகொண்டிருக்கிறது. குறையாமல் தாங்கிப் பிடிக்க, சுற்றும் தாளுக்குள் செல்லும் புலத்தையே உண்டாக்க வேண்டும். எனவே மின்னோட்டம் கடிகாரத் திசையில், அருகுப் பக்கத்தில் மேல்நோக்கி, அதாவது கம்பியின் திசையிலேயே ஓடும். ஒரே திசை மின்னோட்டங்கள் ஈர்க்கும் என்பதால் சுற்று கம்பியை நோக்கி இழுக்கப்படுகிறது. பாயம் குறையும்போது பாயம் அதிகமுள்ள இடத்தை நோக்கி நகர முயல்கிறது என்று சரிபார்த்தும் கொள்ளலாம்.

மூடிய பரப்பின் வழியே செல்லும் மின்பாயத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறோம். மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பிக்குரிய வாய்பாட்டை 20 செ.மீ. தண்டுக்குப் போட்டுவிடுவார்கள். தண்டின் நடுவிலிருந்து செங்குத்தாக 10 செ.மீ. தள்ளியுள்ள புள்ளியில் உண்மையான புலம் வாய்பாடு தருவதில் 0.707 பங்குதான். காஸ் விதி அங்கேயும் பொய்யாவதில்லை. ஆனால் தண்டைச் சூழ்ந்த உருளையின் மேல் எல்லா இடத்திலும் புலம் ஒரே அளவில் இல்லாததால், புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே எடுக்க முடியாது. "சமச்சீர் எங்கே?" என்று ஒருமுறை கேட்டாலே மாணவர் நிறுத்தி யோசிப்பார்.

சார்பியல் கல்லூரி முதலிரண்டு ஆண்டுகளில் வருகிறது. பாடம் புதிதாகத் தோன்றினாலும் வேர் பழைய இடத்தில்தான். 1905-இல் வெளிவந்த ஐன்ஸ்டைனின் கட்டுரையின் தலைப்பே இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியது. காந்தம் நகர்ந்தாலும் கம்பிச்சுருள் நகர்ந்தாலும் அதே மின்னோட்டம் வருகிறதே, விளக்கம் மட்டும் ஏன் இரண்டு என்ற கேள்வியோடுதான் அது தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பாரடே விதியைச் சரியாகக் கற்றவருக்குச் சார்பியல் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. அந்நியமாக்குவது, கால நீட்டிப்புக்கு ஒன்று, நீளக் குறுக்கத்துக்கு ஒன்று என்று வாய்பாடுகளைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம்.

ரயில் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ரயிலில் இருப்பவர் அளந்தால் ரயிலின் நீளம் 300 மீட்டர். ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் செல்கிறது, ஆகவே காமா, அதாவது காலமும் நீளமும் எத்தனை மடங்கு மாறும் என்று சொல்லும் எண், 1.25. தரையில் நிற்பவருக்கு ரயிலின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் மின்னல் விழுகிறது. ரயிலில் இருப்பவருக்கு எவ்வளவு நேர வித்தியாசம்?

தரையில் நேர வித்தியாசம் சுழி, காமாவால் பெருக்கினாலும் சுழி என்று எழுதி வைக்கிறார்கள். கால நீட்டிப்பு வாய்பாடு, ஏதாவது ஒரு குறிப்பாயத்தில் (தரை, ரயில் போல, அளப்பவர் எதோடு இருக்கிறாரோ அதில்) ஒரே இடத்தில் நடக்கும் இரு நிகழ்வுகளுக்கு மட்டும் உரியது. இங்கே தரையிலும் சரி, ரயிலிலும் சரி, இரு மின்னல்களும் ஒரே இடத்தில் விழவில்லை. அதனால் அந்த வாய்பாட்டுக்கே இங்கே வேலையில்லை. செய்ய வேண்டியது, எந்த வாய்பாட்டையும் தொடுவதற்கு முன் ஒரு சின்ன அட்டவணை போடுவது. முதல் நிகழ்வு பின்முனையில்: தரைக் குறிப்பாயத்தில் இடம் 0, நேரம் 0. இரண்டாவது முன்முனையில்: இடம் 240 மீட்டர், நேரம் 0. தரையிலிருந்து பார்க்கையில் ரயில் குறுகியிருப்பதால் 240. இப்போது ஒரு குறிப்பாயத்தின் இடத்தையும் நேரத்தையும் இன்னொன்றுக்கு மாற்றித் தரும் லாரன்ட்ஸ் மாற்றுச் சமன்பாட்டில் போட்டால் முன்முனை மின்னலின் நேரம் மைனஸ் 0.6 மைக்ரோவிநாடி. ரயிலில் இருப்பவருக்கு முன்முனையில்தான் முதலில் மின்னல் விழுந்தது. 240-க்குப் பதில் 300 போட்டவருக்கு 0.75 வரும். சுழி, 0.75 ஆகிய இரண்டும் தவறு என்றாலும் ஒரே தவறு அல்ல, ஒரே உதவி இரண்டுக்கும் பொருந்தாது. முதலாமவர் ஒரே நேரத்தன்மை குறிப்பாயத்தைப் பொறுத்தது என்பதை இன்னும் ஏற்கவில்லை. இரண்டாமவர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார், யார் அளந்த நீளம் என்பதில் மட்டும் தவறியிருக்கிறார்.

மியூயான் கணக்கிலும் விடையை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். காஸ்மிக் கதிர்களால் மேல்வளிமண்டலத்தில் பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகளான மியூயானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. 10 கி.மீ. உயரத்திலிருந்து ஒளியின் வேகத்தில் 0.98 பங்கு வேகத்தில் இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டு, ஒரு கோடி மியூயான்களில் எத்தனை தரைக்கு வரும் என்று கேட்போம். சார்பியலை விட்டுவிட்டால் இரண்டுதான் மிஞ்சும். காமா ஏறக்குறைய 5.03. ஆயுள் 11 மைக்ரோவிநாடியாக நீண்டு, பயண நேரமான 34 மைக்ரோவிநாடியோடு ஒப்பிட்டால் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் தரைக்கு வரும். மாணவர் 54 லட்சம் என்று சொன்னால் நீண்ட ஆயுளையும் குறுகிய தூரத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போட்டிருக்கிறார். தரையில் நிற்பவருக்குத் தூரம் 10 கி.மீ. தான், ஆயுள்தான் நீள்கிறது. மியூயானோடு பயணம் செய்பவருக்கு ஆயுள் 2.2 தான், தூரம்தான் 1.99 கி.மீ. ஆகக் குறுகுகிறது. எந்தக் குறிப்பாயத்தில் நிற்கிறோம் என்று தாளின் தலையில் எழுதிவிட்டு, கடைசி வரி வரை அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு வழியிலும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இந்தப் பாடத்தில் இல்லை. இது வெறும் புத்தகக் கணக்கும் அல்ல. உதகமண்டலத்தில் சுமார் 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கூடம் 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவியைக் கொண்டு மியூயான்களை எண்ணிவருகிறது. கணக்கைச் சொல்லித்தரும்போது இதையும் சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும்.

இரண்டு பாடங்களும் சந்திக்கும் ஒரு கணக்கு பன்னிரண்டாம் வகுப்பிலேயே வருகிறது. மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் காந்தப்புலத்தில் நுழைகிறது, வட்டப்பாதையின் ஆரம் என்ன என்பதுதான் அது. 5 ஆயிரம் வோல்ட் என்றால் பழைய இயக்க ஆற்றல் வாய்பாட்டைத் தாராளமாகப் போடலாம், வேகத்தில் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழ். பழைய பெட்டி டிவியின் 25 ஆயிரம் வோல்ட்டுக்குப் பிழை மூன்றரை சதவீதத்தைத் தாண்டும். 10 லட்சம் வோல்ட் என்று எண்ணை மட்டும் மாற்றிக் கணக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வாய்பாடு அங்கே ஒளியைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு வேகம் தரும். மாணவர் அதைக் கவனிக்காமல் ஆரத்தைக் கண்டுபிடித்து முடித்தும்விடுவார். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் என்பதிலிருந்து தொடங்கினால் காமா 2.957, வேகம் ஒளியின் 0.941 பங்கு. புலம் 0.1 டெஸ்லா என்றால் ஆரம் 4.7 செ.மீ. வேகத்தை மட்டும் திருத்திவிட்டு உந்தத்தில் காமாவை விட்டவருக்கு 1.6 செ.மீ. வரும். கணக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எண்களை மாற்றும்போது வாய்பாடு இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கால்குலேட்டரை நம்பியும் கெடுகிறார்கள். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் 10 மணி நேரம் பறக்கும் விமானத்தில், வேகத்தால் மட்டும் கடிகாரம் எவ்வளவு பின்தங்கும் என்ற கணக்கில், பத்து இலக்கம் காட்டும் கருவி காமாவை 1 என்றே காட்டும். உடனே விடை சுழி என்று எழுதிவிடுவார்கள். வேக விகிதத்தின் இருமடியில் பாதி என்ற தோராயத்தை எடுத்தால் 12.5 நானோவிநாடி கிடைக்கும். அணுக் கடிகாரத்துக்கு இது அளக்கக்கூடிய அளவு, 1971-இல் பயணிகள் விமானங்களில் கடிகாரங்களை ஏற்றிச் சென்று அளந்தும் இருக்கிறார்கள்.

சொற்களும் தடுக்குகின்றன. மின்னியக்கு விசை என்ற பெயரில் விசை இருந்தாலும் அது விசை அல்ல, அதன் அலகு வோல்ட். பல பிள்ளைகள் நியூட்டன் என்று எழுதுவதற்கு இந்தப் பெயர்தான் காரணம். காந்தப்பாயத்தில் இருப்பது பாயம், குறிப்பாயத்தில் இருப்பது ஆயம், ஆயத்தொலைவில் வரும் அதே ஆயம். பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடம்தான் ஆகும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவருக்கு ஃபிளக்ஸ் என்பதும் பாயம் என்பதும் ஒன்றே என்று யாராவது சொல்லியாக வேண்டும். மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, அதை 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது. மொழி மாற்றிச் சொல்வதைக் கீழான வேலையாக அவர்கள் நினைக்கவில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான். தங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் பத்து வினா விடைகளுக்குப் பதிலாக இரண்டு கணக்குகள் போதும். கணக்கின் கீழே, மாணவர்கள் வழக்கமாகத் தவறாகப் போடும் தீர்வு ஒன்றை வரி வரியாக அச்சிடுங்கள். எந்த வரி தவறு என்று வாசகர்களே கண்டுபிடித்து எழுதட்டும். மறுவாரம் அந்த வரியையும் தவறு ஏன் வந்தது என்பதையும் போடுங்கள். படம் இல்லாமல் எந்தக் கணக்கையும் வெளியிட வேண்டாம், மின்னோட்டத்தின் திசையும் நேர்க்குறித் திசையும் அம்புக்குறியோடு படத்தில் இருக்கட்டும். விடையோடு அலகையும் கட்டாயம் போடுங்கள்.

வீட்டில் உதவுகிற அக்கா அண்ணன்மாருக்கும் தனிப்பயிற்சி ஆசிரியர்களுக்கும் ஒன்று. வெறும் புகைப்படம் வந்தால், "படம் வரைந்தாயா, எந்த வரி வரை உனக்கு நிச்சயம், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று எதிர்பார்த்தாய்?" என்று கேட்டுப் பதில் வரும் வரை பேனாவை எடுக்காதீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய மாணவர் ஒளியைவிட வேகமான எலக்ட்ரானைத் தாளில் விட்டுவைக்க மாட்டார்.

முதல் எட்டு வாரங்களுக்கான பதினாறு கணக்குகளைப் படங்களோடும், வழக்கமான தவறான தீர்வுகளோடும் எழுதித் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். மேலே சொன்ன செவ்வகச் சுற்றுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி